புது புரொட்யூசர் வந்தால் பாட்டு நம் கையை விட்டுப் போய்விடுமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நீங்கள் நான்கு பேர், ஐந்து வருடமாகத் தமிழும் ஆங்கிலமும் கலந்து ராக் வாசிக்கிறீர்கள். இதுவரை வந்த இரண்டு சிறு தொகுப்புகளையும் ஒரு நண்பர் தன் வீட்டு கராஜிலேயே பதிவு செய்து கொடுத்தார். இப்போது ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து அனுபவமுள்ள ஒரு புரொட்யூசர், முழு ஆல்பம் செய்யலாம் என்று கேட்டு வந்திருக்கிறார். முதல் சந்திப்பிலேயே ஒரு பாட்டின் வேகத்தைக் குறைக்கச் சொன்னார், இன்னொன்றில் ஒரு நிமிட முன்னிசையை வெட்டச் சொன்னார், உறுமி ஒரே ஒரு பாட்டில் இருந்தால் போதும் என்றார். டிரம்ஸ் வாசிக்கும் உங்கள் அண்ணன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஒப்புக்கொள்வதா, பழைய நண்பரிடமே போவதா, இவரை நம்பினால் பாட்டு எங்கள் பாட்டாகவே இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். அவரோடு வேலை செய்யுங்கள், ஆனால் முதலில் ஒரே ஒரு பாட்டு மட்டும். அதற்கும் முன்னால் நீங்கள் நான்கு பேரும் தனியாக உட்கார்ந்து, எதை விட்டுக்கொடுக்கவே மாட்டோம் என்று பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று விஷயத்துக்கு மேல் அதில் இருக்கக் கூடாது. அதில் இல்லாத எதை அவர் மாற்றச் சொன்னாலும் சண்டை போடாமல் ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இருபது வருடத்துக்கு மேலாக டர்பனில் முதலில் பேஸ் கிட்டார் வாசித்தும், பிறகு பதிவு அறையில் இன்ஜினியராகவும் இருந்து வருகிறேன். புது புரொட்யூசரிடம் போய் வளர்ந்த பேண்டும் பார்த்திருக்கிறேன், ஆல்பம் முடிவதற்குள் உடைந்த பேண்டும் பார்த்திருக்கிறேன். உடைந்தவர்களிடம் பெரும்பாலும் ஒன்றுதான் நடந்தது. நான்கு பேரும் நான்கு விதமாக நினைத்துக்கொண்டு அதை ஒருவருக்கொருவர் சொல்லாமலே உள்ளே போனார்கள், வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒரு கேள்வி கேட்டதும் எல்லாம் வெடித்தது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். 'காசு போடுகிறவர் சொன்னால் தாளத்தை மாற்றணுமா' என்று உங்கள் அண்ணன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கோபத்துக்குப் பாதிக் காரணம் 'தயாரிப்பாளர்' என்ற சொல்தான் என்று நினைக்கிறேன். தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டதும் சினிமாவில் பணம் போடுபவர்தான் மனதில் வருவார். ரெக்கார்டு வேலையில் அப்படி இல்லை. பணத்தை லேபிள், அதாவது ரெக்கார்டு கம்பெனி போடும், இல்லாவிட்டால் பேண்டே போடும். புரொட்யூசர் என்பவர் சினிமாக் கணக்கில் இயக்குநர். எந்த டேக் (ஒரு முறை வாசித்துப் பதிந்தது) நல்ல டேக், எந்த இடத்தில் கிட்டார் விலகி நிற்க வேண்டும், பாடகர் இன்று பாடலாமா, தொண்டை களைத்துவிட்டதா, நாளைக்கு வைக்கலாமா, பத்துப் பாட்டில் எந்த எட்டு ஆல்பத்துக்குப் போகும் என்பதையெல்லாம் பார்ப்பவர் அவர்தான். அதனால் தாளத்தைப் பற்றி அவர் பேசியது அத்துமீறல் இல்லை. முதல் சந்திப்பிலேயே பேசினார் என்றால் உங்கள் பாட்டுகளை உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்திருக்கிறார். எதையும் மாற்றச் சொல்லாமல் 'எல்லாம் சூப்பர், தேதி சொல்லுங்கள்' என்றவர்களிடம்தான் நான் பயந்திருக்கிறேன்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. இளைஞர்கள் பலருக்கு அது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். தி ஃப்ளேம்ஸ் டர்பன் பேண்டு. ஸ்டீவ், பிரதர், ரிக்கி என்ற ஃபட்டார் சகோதரர்கள் மூவரும் பிளாண்டி சாப்ளினும் சேர்ந்தது. அறுபதுகளில், நிறவெறிச் சட்டங்கள் உச்சத்தில் இருந்தபோது, இந்த ஊரில் இருந்து கிளம்பி லண்டன் போனார்கள். அங்கே ஒரு கிளப்பில் அவர்கள் வாசித்ததைக் கேட்டு, புகழ்பெற்ற அமெரிக்க பேண்டான பீச் பாய்ஸ் ஆட்கள் அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார்கள். பீச் பாய்ஸின் சொந்த லேபிளான பிரதர் ரெக்கார்ட்ஸில் 1970-ல் அவர்கள் ஆல்பம் வந்தது, புரொட்யூசர் பீச் பாய்ஸின் கார்ல் வில்சன். இங்கே அவர்கள் புகழ் பெற்றது பெரும்பாலும் மற்றவர்களின் சோல் பாட்டுகளைத் தங்கள் பாணியில் வாசித்துத்தான், அங்கே போனதும் சொந்தப் பாட்டுகள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். குரல்களை அடுக்கும் விதம் மாறியிருக்கிறது, கிட்டாருக்கு நடுவில் காற்று வந்திருக்கிறது, ஆனால் டிரம்ஸும் பேஸும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிடி அப்படியே டர்பன் பிடி. புது புரொட்யூசர் அதைத் தொடவில்லை. அவர்கள் எப்பேர்ப்பட்ட கலைஞர்கள் என்பதற்கு அடுத்து நடந்ததே போதும். 1972-ல் பிளாண்டியும் ரிக்கியும் பீச் பாய்ஸிலேயே சேர்ந்தார்கள், அடுத்த வருடம் வந்த 'ஹாலண்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டைப் பாடியது டர்பன்காரர் பிளாண்டிதான்.

சரி, உங்கள் வேக விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் அண்ணன் காயப்பட்டிருக்கிறார். சில வருடங்களுக்கு முன் இங்கே டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு பேண்டின் ஒத்திகை அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கும் புது புரொட்யூசர், இதே பேச்சு. அந்த மனிதர் எந்தக் கருவியையும் தொடவில்லை, பால் பாக்கெட் வரும் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பாட்டை மூன்று முறை முழுதாகக் கேட்டார். அப்புறம் எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பாடிய பெண்ணை மட்டும், கருவி எதுவும் இல்லாமல், காலால் தட்டிக்கொண்டு பாடச் சொன்னார். போனில் தட்டி அளந்தார். பேண்டு வாசித்த வேகம் நிமிடத்துக்கு 150 தாள அடி, அந்தப் பெண் தனியாகப் பாடியபோது 138. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டிரம்ஸ் வாசித்த பையன்தான் முதலில் பேசினான், 'அவள் எங்களைத் துரத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள்' என்றான். மேடையில் நெஞ்சு படபடக்க வாசித்து வாசித்து ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஓர் அடி இரண்டு அடி கூடிக்கொண்டே போயிருக்கிறது. அது அவர்களுக்குத் தெரியவே இல்லை, வேகம்தான் பாட்டின் இயல்பு என்று நம்பிவிட்டார்கள்.

இதில் ஒலி சார்ந்த காரணமும் உண்டு. 150-ல் ஒவ்வோர் அடியும் 0.4 விநாடி, 138-ல் கிட்டத்தட்ட 0.435. கணக்கில் சின்ன வித்தியாசம், ஆனால் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் பேஸின் தாழ்ந்த கம்பியும் ஒலித்து அடங்க நேரம் வேண்டும். அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து விழுந்தால் எல்லாம் சேறு மாதிரி குழம்பும். கனமான பாட்டு பல நேரம் மெதுவான பாட்டாக இருப்பது இதனால்தான். எப்போதும் குறைப்பதுதான் சரி என்றும் நினைக்காதீர்கள். 1962-ல் பீட்டில்ஸ் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டை மெதுவாக இழுத்து வாசித்துக் காட்டியபோது, அப்போது அவர்களுக்குப் புது புரொட்யூசரான ஜார்ஜ் மார்ட்டின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினார்கள், பாட்டு எங்கேயோ போய்விட்டது. ஆகவே அண்ணனிடம் போய் 'அவர் சொல்வது சரி' என்று சொல்லாதீர்கள். அந்தப் பாட்டை உங்கள் பாடகர் தனியாகப் பாடும்போது அண்ணனையே போனில் அளக்கச் சொல்லுங்கள். அவர் வேகம்தான் சரி என்று வந்தால் அதையே புரொட்யூசரிடம் காட்டலாம், நல்ல புரொட்யூசர் அதை ஏற்றுக்கொள்வார்.

முன்னிசை வெட்டுவது வேறு விஷயம். அதில் பாட்டைவிட வியாபாரம் அதிகம் பேசுகிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு, அதனால் பாடகர் குரல் சீக்கிரம் வர வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அவர் மேல் தப்பில்லை, ஆனால் நீங்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டும் என்றால் இங்கே பிடியுங்கள் என்பேன். ஆல்பத்தில் முழு முன்னிசை, தனிப்பாடலாக வெளியிடும் வடிவத்தில் வெட்டியது, இரண்டும் வைத்துக்கொள்ளலாம். கூடுதலாக ஒரு மணி நேர வேலைதான்.

புது புரொட்யூசரோடு பேண்டு மோதியதற்கு உலகம் அறிந்த கதை அமெரிக்க ஹெவி மெட்டல் பேண்டான மெட்டாலிகாவுடையது. 1990-ல் பாப் ராக் என்ற புரொட்யூசரை அவர்கள் மிக்ஸ் செய்ய (பதிந்த தடங்களைச் சமன் செய்து ஒன்றாக்க) மட்டும்தான் கூப்பிட நினைத்தார்கள், அவரோ புரொட்யூஸ் செய்கிறேன் என்றார். அதுவரை தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்து பழகியவர்களை ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க வைத்தார். 'என்டர் சாண்ட்மேன்' பாட்டுக்குப் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் எழுதிய வரிகள் இசைக்கு ஈடாக இல்லை என்று சொல்லித் திரும்ப எழுத வைத்தார். எட்டு மாதத்துக்கு மேல் பதிவு நடந்தது, சண்டையும் கூடவே நடந்தது, மூன்று முறை மிக்ஸ் செய்தார்கள், செலவு சுமார் பத்து லட்சம் டாலர் ஆனது. 1991 ஆகஸ்டில் வந்த அந்தக் கறுப்பு ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. ஆனால் இதில் என் கண்ணுக்குப் படுவது விற்பனை இல்லை. வரிகள் நன்றாக இல்லை என்று சொன்னவர் தானே எழுதிக் கொடுக்கவில்லை, எழுதியவரையே திரும்பவும் எழுத வைத்தார். உங்கள் புரொட்யூசரிடமும் இதைக் கவனியுங்கள். குறை சொல்லிவிட்டு 'நீயே யோசித்துக் கொண்டு வா' என்கிறாரா, இல்லை தானே உட்கார்ந்து மாற்றிவிடுகிறாரா? முதல் வகை ஆளோடு பத்து வருடம் வேலை செய்யலாம்.

இரண்டாம் வகையிலும் மேதைகள் உண்டு. இங்கிலாந்து பேண்டான ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பத்தை 1979-ல் அங்கே ஸ்டாக்போர்ட்டில் பதிவு செய்த மார்ட்டின் ஹானட், டிரம்ஸைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனியாக வாசிக்க வைத்தார். மேடையில் நெருப்பாக இருந்த பேண்டு, ரெக்கார்டில் ஆளில்லாத கட்டடத்தில் வாசிப்பது போல் ஒலித்தது. பேஸ் வாசித்த பீட்டர் ஹுக்குக்கும் கிட்டார் வாசித்த பெர்னார்டு சம்னருக்கும் அது பிடிக்கவே இல்லை. ஆனால் இன்று உலகம் ஜாய் டிவிஷன் ஒலி என்று சொல்வது ஹானட் செய்த அந்த ஒலியைத்தான், ஹுக்கே பின்னாளில் அதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் இப்படிப்பட்டவரிடம் போக வேண்டுமானால் பேண்டுக்குள் நல்ல ஒற்றுமை வேண்டும். உங்களுக்கு அது இப்போது கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது என்று உங்கள் எழுத்தே சொல்கிறது.

எங்கள் பேண்டில் அந்த ஒற்றுமை இல்லாமல்தான் போனது. 2003-ல் நாங்கள் ஓர் ஊருக்குப் போய், பேர் சொல்ல விரும்பாத ஒருவரிடம் ஏழு பாட்டுப் பதிவு செய்தோம். மூன்று வாரம் கழித்து மிக்ஸ் கேட்கக் கூப்பிட்டார். முதல் பாட்டு ஓடி முடிந்ததும் எங்கள் டிரம்ஸ்காரர், 'இது யார் வாசித்தது?' என்று கேட்டார். அவர் வாசித்ததை எடுத்துவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறொருவரை வைத்து வாசித்துச் சேர்த்திருந்தார்கள். நாங்கள் மற்ற மூன்று பேரும் அப்போதே எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை, ஒலி நன்றாக இருந்தது என்பதால் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த டிரம்ஸ்காரர் அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளும் பட்டியலில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: யார் வாசித்ததையும் அவரிடம் சொல்லாமல் மாற்றக் கூடாது. புரொட்யூசரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். நல்லவர் எவரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அடுத்து உறுமி. இங்கே அவர் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து, ஆனால் ஏன் சொன்னார் என்று எனக்குப் புரிகிறது. உறுமியின் ஒரு பக்கம் வளைந்த குச்சியால் தேய்த்து அந்த முனகலை எடுக்கிறோம், மறு பக்கம் அடிக்கிறோம். அந்த முனகல், பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இருக்கும் அதே தாழ்ந்த இடத்தில் வந்து உட்காரும். கோயிலில் காவடிக்கு முன்னால் பத்து உறுமி சேர்ந்து வாசிக்கும்போது அங்கே பேஸ் கிட்டார் கிடையாது, அதனால் இடம் இருக்கிறது. ராக் பாட்டில் இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டால் இரண்டும் கெடும். உங்கள் இரண்டாவது தொகுப்பைக் கேட்டேன், மூன்றாம் பாட்டில் உறுமி வருவது தெரிகிறது, ஆனால் என்ன வாசிக்கிறார் என்று காதில் பிரியவில்லை. உங்கள் நண்பர் ஒரே மைக்கை முன்னால் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நான் செய்து பார்த்தது இது. இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு மைக். ஒரு பக்கம் தோல் உள்ளே போகும்போது மறு பக்கம் வெளியே தள்ளும், அதனால் இரண்டு மைக்கின் ஒலியையும் சேர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிட்டு உறுமி ஒல்லியாகிவிடும். ஒரு மைக்கின் ஃபேஸை, அதாவது ஒலி அலையின் ஏற்ற இறக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டுக் கேளுங்கள், எது தடிமனாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும் பக்கத்து மைக்கைத் தோலில் இருந்து ஒரு சாண் தள்ளி, குச்சி போகும் திசைக்குச் சற்று சாய்த்து வைத்தால் அந்த மூச்சு விடுகிற ஒலி வரும். அப்புறம் உறுமி முனகும் இடத்தில் பேஸ் கிட்டார் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மிக்ஸில் சரிசெய்வது அப்புறம், முதலில் வாசிப்பிலேயே. பேஸ் வாசிப்பவர் நான்கு அடியில் ஓர் அடியை விட்டுக்கொடுத்தால் போதும். இதைச் செய்து காட்டினால் புரொட்யூசரே இன்னொரு பாட்டிலும் உறுமி கேட்பார் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அவர் இதற்கு முன் அந்தக் கருவியைப் பதிவு செய்திருக்க வாய்ப்புக் குறைவு. அவருக்குத் தெரியாததை நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

மரியாதை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் வயதில் பெரியவர் பேசினால் குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தோம். நல்ல பழக்கம்தான், நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன். ஆனால் பதிவு அறையில் வாய் மூடி இருந்துவிட்டு, வேனில் ஏறியதும் பாதி வழியில் இருக்கும் ஹாரிஸ்மித் வரை அவரைத் திட்டிக்கொண்டு வருவதால் பாட்டுக்கு ஒரு நன்மையும் இல்லை. 'ஐயா, எனக்கு இந்த இடம் பிடிக்கவில்லை, வேறு மாதிரி ஒரு முறை வாசிக்கட்டுமா' என்று கேட்டால் முடிந்தது. அதை ஒருவர் வழியாகக் கேளுங்கள், நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசாதீர்கள். உங்கள் பேண்டில் அதற்கு நிதானமானவர் நீங்கள்தான் என்று தெரிகிறது.

தமிழ் வரிகளைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். குரலைப் பதிவு செய்த பிறகு பல டேக்குகளில் இருந்து நல்ல சொற்களைப் பொறுக்கி ஒட்டுவார்கள், தாளத்தோடு சேர ஓர் உயிரெழுத்தை இழுப்பார்கள் அல்லது நறுக்குவார்கள். ஆங்கிலத்தில் அப்படிக் கொஞ்சம் இழுத்தால் பொருள் மாறாது. தமிழில் குறிலை இழுத்தால் நெடில். 'மலை' மாலையாகிவிடும், 'விடு' வீடாகிவிடும், 'படு' பாடாகிவிடும். நான் ஒரு பாட்டில் 'என்னை விடு' என்று காதலி கெஞ்சும் வரி 'என்னை வீடு' என்று வெளியே போகவிருந்ததை, வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலி வேலையான மாஸ்டரிங்குக்கு முந்தின நாள் கண்டுபிடித்தேன். அறையில் இருந்த நான்கு பேரில் தமிழ் தெரிந்தவர் நான் மட்டும், அன்று நான் சாப்பிடப் போயிருந்தால் அது அப்படியே போயிருக்கும். ஒற்றெழுத்தும் அப்படித்தான், 'பாட்டு' என்பதில் ட்-க்கு முன் இருக்கும் அந்த நொடி மௌனத்தை அழுக்கு என்று நினைத்து மூடிவிடுவார்கள். அதனால் குரல் ஒட்டும் நாளில் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் கட்டாயம் பக்கத்தில் உட்கார வேண்டும், வரிகளைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு. உங்கள் பாடகருக்கு ழகரம் சில இடத்தில் ல போல வருகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான். பாட்டியிடமோ தமிழ் வகுப்பு ஆசிரியரிடமோ இரண்டு வாரம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், கணினியில் அதைச் சரிசெய்ய முடியாது.

பணமும் காகிதமும். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டின் 1978-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து ஒலிப்பதிவு செய்யச் சொன்னால் அந்தப் பதிவின் உரிமை பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் எழுதியதுதான் செல்லும். ஆகவே செலவை யார் செய்கிறார் என்று முதலில் கேளுங்கள். புரொட்யூசர் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும், அதற்கு மேல் வரும் ராயல்டியில் பொதுவாக 3 முதல் 5 சதவீதமும் கேட்பது வழக்கம். மறைந்த அமெரிக்கப் பதிவு இன்ஜினியர் ஸ்டீவ் ஆல்பினி மாதிரி சிலர் பங்கே வாங்கியதில்லை. 1993-ல் அமெரிக்க ராக் பேண்டான நிர்வாணாவின் கடைசி ஸ்டுடியோ ஆல்பத்துக்கு அவர் ஒரு லட்சம் டாலர் மொத்தமாக வாங்கிக்கொண்டு ராயல்டி வேண்டாம் என்றார், பிளம்பருக்குக் கொடுப்பது போல் செய்த வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று. அந்த ஆல்பத்திலேயே இரண்டு பாட்டுகளைப் பிறகு வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப மிக்ஸ் செய்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள், மிக்ஸில் இறுதிச் சொல் யாருடையது என்று முதலிலேயே பேசாவிட்டால் எவ்வளவு பெரிய பேண்டுக்கும் இந்தத் தலைவலி வரும்.

பாட்டு எழுதியதில் அவர் பங்கு கேட்கிறாரா என்பதையும் இப்போதே கேளுங்கள். வேகம் மாற்றியதற்கும் முன்னிசை வெட்டியதற்கும் எழுத்தாளர் பங்கு கிடையாது, புதிதாக ஒரு மெட்டே போட்டுக் கொடுத்தால் உண்டு, இது என் அளவுகோல். பாட்டுகளை இசை உரிமை அமைப்பான சாம்ரோவில் உங்கள் பெயரில் பதிந்துவிட்டீர்களா? வானொலியிலும் மேடையிலும் வாசிப்பதற்கான பணம் அங்கே வரும். பிரதி எடுப்பதற்கான பணம் கப்பாசோ என்ற இன்னோர் அமைப்பு வழியாக வரும். வேலை முடிந்ததும், மிக்ஸ் மட்டும் போதாது, எல்லாத் தடங்களும் உள்ள முழு செஷன் கோப்புகள் உங்கள் வன்தட்டில் வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு நாள் இரவும் ஒரு பிரதி. அயர்லாந்து பேண்டான யு2-வின் ஒரு பாட்டோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டிச் சலித்துப்போன புரொட்யூசர் பிரையன் ஈனோ, புதிதாகத் தொடங்கட்டும் என்று அந்த டேப்பையே அழிக்கப் போனார், ஸ்டுடியோ இன்ஜினியர்தான் தடுத்தார். 1987-ல் 'ஜோஷுவா ட்ரீ' ஆல்பம் அந்தப் பாட்டோடுதான் தொடங்கியது.

பழைய நண்பரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், ஆனால் அந்த வரியில் குற்ற உணர்ச்சி தெரிந்தது. அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். முடிந்தால் ஒத்திகைப் பதிவுகளை அவரையே செய்யச் சொல்லுங்கள். ஜோகன்னஸ்பர்க் கிளம்பும் முன் பத்துப் பாட்டையும் ஒரே நாளில், ஓவர்டப் (பிறகு தனியாக வாசித்து மேலே சேர்ப்பது) எதுவும் இல்லாமல், அந்த கராஜிலேயே வாசித்துப் பதிவு செய்து கொண்டு போங்கள். உங்களை இவ்வளவு காலம் கேட்டவர் அவர். எந்த இடத்தில் நீங்கள் வழக்கமாகச் சறுக்குவீர்கள் என்று புது ஆளைவிட அவருக்குத் தெரியும். புரொட்யூசருக்கும் அந்தப் பதிவு பெரிய உதவி.

அப்புறம் தேதி. பிப்ரவரியில் பதிவு வைக்கலாம் என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உறுமியை இங்கே டர்பனிலேயே பதிவு செய்வதாக இருந்தால் பிப்ரவரி வேண்டாம். அந்த ஈரக் காற்றில் தோல் தளர்ந்து, காலையில் ஒரு சுருதி, மதியம் ஒரு சுருதி என்று இறங்கிக்கொண்டே இருக்கும், ஏசி போட்டால் திடீரென்று இழுத்துக்கொள்ளும், இரண்டு டேக்கை ஒட்டவே முடியாது. ஜூன், ஜூலையில் காற்று காய்ந்திருக்கும். அந்த ஒரு பாட்டை, உறுமி உள்ள பாட்டையே, அப்போது முதல் பாட்டாகச் செய்யுங்கள். அதற்குள் அண்ணனும் வேகத்தை அளந்து பார்த்திருப்பார். ஒத்திகைப் பதிவு முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பேஸ் எந்த அடியை விடலாம் என்று கேட்டுச் சொல்கிறேன்.